தண்டைப் பிடிப்பது எது? ஃபோம் இல்லாமல் ஏழு பூ வைப்புகள்

கல்யாண மேடையானாலும் கடைத் திறப்பு விழாவானாலும், பூ அலங்காரத்தின் அடியில் இன்று இருப்பது ஒரு பச்சைக் கட்டி. 23 செ.மீ. நீளம், 11 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம். தண்ணீரில் மிதக்கவிட்டால் தானாக முங்கும். ஏறத்தாழ இரண்டு லிட்டர் குடிக்கும். அலங்காரக்காரர்கள் ஃபோம் என்பார்கள், இல்லையென்றால் ஓயாசிஸ் என்று பிராண்ட் பெயரையே சொல்வார்கள். 1954ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் வெர்னான் ஸ்மிதர்ஸ் கொண்டுவந்த பொருள் இது. பீனால் ஃபார்மால்டிஹைடு பிசினை நுரைக்க வைத்துச் செய்வது. மக்காது. விழா முடிந்ததும் நொறுங்கித் தூளாகி வாய்க்காலுக்குப் போகும். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்சரல் சொசைட்டி 2021 முதல் தன் கண்காட்சிகளில் இதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டது.

ஃபோமுக்கு முன்பும் மனிதர்கள் ஆயிரக்கணக்கான வருடம் பூ வைத்திருக்கிறார்கள். அவர்கள் தண்டை எதைக் கொண்டு பிடித்தார்கள் என்று பார்த்தால் பூ அலங்காரத்தின் வரலாறே அதற்குள் அடங்கிவிடும். எகிப்தில் ஓலைக்கீற்று, ஜப்பானில் வைக்கோல், இங்கிலாந்தில் கோழிவலை, நமக்கு நாரும் நெல்லும். ஓணத்தை ஒட்டி நாகர்கோவில் பக்கம் ஒரு சிறிய மண்டபத்தில் இரண்டு நாள் நிற்பதற்காக, தோவாளைப் பூக்களை வைத்து இவற்றைச் செய்து பார்த்த பதிவு இது.

பூ வாங்குவது பற்றி முதலில். தோவாளைச் சந்தை விடியும் முன்பே சூடுபிடித்துவிடும். ஓண நாட்களில் திருவனந்தபுரம் பக்கம் போகும் லோடு முதலில் கிளம்பும், மிச்சம்தான் சில்லறைக்கு. சந்தைக்கு வருவது பெரும்பாலும் மாலைக்கான பூ. சம்பங்கி உதிரியாகக் கிலோவில் வரும், கேந்தி (செண்டுமல்லி) காம்பில்லாமல் கொய்து வரும். பாத்திரத்தில் நிற்க வைக்கத் தண்டு வேண்டும். அதனால் சம்பங்கியையும் கோழிப்பூவையும் (கோழிக்கொண்டைப் பூ) தண்டோடு வேண்டும் என்று முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். தண்டின் நீளம் 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது. ஸ்டெம்பு ரோஸ், அதாவது தண்டோடு வரும் ரோஜா, கட்டாகக் கிடைக்கும், தாமரை எண்ணிக்கையில் கிடைக்கும். வாங்கியது சம்பங்கித் தண்டு 25, கோழிப்பூ 15, ஸ்டெம்பு ரோஸ் 3 கட்டு, தாமரை மொட்டு 20, மஞ்சள் கேந்தி 4 கிலோ, சிவப்புக் கேந்தி 3 கிலோ, வாடாமல்லி 2 கிலோ.

வந்த உடனே வைக்கத் தொடங்கக் கூடாது. அடியிலிருந்து 2 செ.மீ. சரிவாக நறுக்கி, தண்ணீருக்குள் முங்கும் இலைகளையெல்லாம் உருவிவிட்டு, ஆழமான வாளியில் நிழலில் 4 மணி நேரம் நிறுத்த வேண்டும். ரோஜாவை மட்டும் தண்ணீருக்குள் பிடித்தே நறுக்குவது நல்லது. வெளியில் நறுக்கினால் தண்டின் குழலுக்குள் காற்று ஏறி, மேலே தண்ணீர் போகாமல் கழுத்து தொங்கிவிடும். மேடையில் ரோஜா தலை சாய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஃபோம் இருந்தாலும் சாயும்.

நிறைபறை

நம் கண்ணெதிரே இருப்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கல்யாணப் பந்தலில் வைக்கும் நிறைபறையை யாரும் பூ அலங்காரமாக எண்ணுவதில்லை. பறை என்ற அளவுப் பாத்திரம் நிறைய நெல், நடுவே தென்னம்பூக்குலை. பூக்குலையை நேராக நிறுத்துவது வேறெதுவும் இல்லை, நெல்தான். தளர்வாகக் கொட்டிய நெல்லில் குலை சாயும். பறையின் பக்கத்தை 20, 30 முறை தட்டினால் நெல் ஒரு விரல் அளவு இறங்கும். மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு குலையைப் பிடித்துத் தூக்கினால் பறை லேசாகக் கூடவே வரப் பார்க்கும். அந்த அளவுக்கு இறுகியிருக்க வேண்டும்.

செய்யும் முறை: பறையில் மூன்றில் ஒரு பங்கு நெல் போட்டுக் குலையின் அடிக்காம்பை அதில் ஊன்றி, ஒருவர் பிடித்திருக்க மற்றவர் சுற்றிலும் நெல் கொட்டித் தட்டிக்கொண்டே வர வேண்டும். காம்பு குறைந்தது 15 செ.மீ. உள்ளே போக வேண்டும். நிறைத்த பிறகு மேலிருந்து குத்தினால் பாதிக்கு மேல் இறங்காது, காம்புதான் பிளக்கும்.

குலையைத் தேர்வதில்தான் பிழை வரும். தானாக வெடித்த பாளையில் பூ உதிரத் தொடங்கியிருக்கும். மிகவும் இளம் பாளையைக் கீறினால் தந்த நிறத்தில் அழகாக இருக்கும், நான்கைந்து மணி நேரத்தில் பழுப்பேறும். வெடிக்க இரண்டொரு நாள் இருக்கும் பாளையை முந்தின மாலை கீறி, ஈரத் துண்டில் சுற்றி வைத்ததுதான் மறுநாள் இரவு வரை நின்றது. நெல்லில் தண்ணீர் விடவே கூடாது, இரண்டாம் நாளே ஊறி முளை கட்டும். அதனால் தண்ணீர் கேட்காத பூவுக்கு மட்டுமே நெல் ஏற்ற பிடிமானம். இதில் ரோஜாவைக் குத்தினால் மதியத்துக்குள் வதங்கும்.

எகிப்து மாலை, மகிழ இலையில்

1881ல் எகிப்தின் தேர் எல் பஹ்ரியில் அரசர்களின் மம்மிகள் ஒரே குழியில் கண்டெடுக்கப்பட்டபோது, சிலவற்றின் மேல் பூமாலைகள் காய்ந்த நிலையிலும் கலையாமல் இருந்தன. இரண்டாம் ராமேசஸின் மேலிருந்த மாலைகளும் அவற்றில் உண்டு. மாலையின் அமைப்பு எளிது. இலையை இரண்டாக மடித்து ஒரு பேரீச்ச ஓலைக்கீற்றின் மேல் போட்டு, மடிப்புக்குள் ஆம்பல் இதழைச் செருகி, மெல்லிய ஓலைக்கீற்றாலேயே தைத்துக்கொண்டு போவது. இலைக்கு அவர்கள் பயன்படுத்திய மரம் பெர்சியா. தாவர நூலில் அதன் பேரினம் மிமுசாப்ஸ். நம் மகிழமரமும் அதே மிமுசாப்ஸ்தான். மகிழத்தின் அறிவியல் பெயரில் வரும் எலெங்கி, மலையாளத்து இலஞ்ஞியிலிருந்து போனது. ஆக, ராமேசஸின் மாலையைக் குமரி மாவட்டத்தில் செய்ய இலையைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். பேரீச்ச ஓலைக்குப் பதில் பனங்குருத்தோலை.

60 செ.மீ. மாலைக்கு வேண்டியவை: 7 முதல் 9 செ.மீ. நீளமுள்ள மகிழ இலை 50, ஆம்பல் இதழ் 50, 1 செ.மீ. அகலக் குருத்தோலைக் கீற்று 70 செ.மீ.க்கு ஒன்று, 2 மி.மீ. அகலத் தையல் கீற்று நாலைந்து, ஒரு கோணி ஊசி. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் 1.5 செ.மீ. இடைவெளி விட்டு, பாதி மூடி அடுக்கினால் 60 செ.மீ.க்கு 40 இலை பிடிக்கும். மீதி 10 உடைவதற்கு. உடையும்.

உடைவதற்குக் காரணம் நடுநரம்பு. பறித்த உடனே குறுக்கே மடித்தால் மகிழ இலை 'டக்' என்று ஒடியும், மடிப்பில் இரண்டு துண்டாகும். நிழலில் ஐந்தாறு மணி நேரம் வாடவிட்டு, இலையின் பின்பக்கம் நடுநரம்பை மடிப்பு வரும் இடத்தில் மட்டும் பிளேடால் ஒரு நூல் அளவு சீவினால் மடங்கும். இளந்தளிர் சுலபமாக மடங்கும் என்று அதை எடுக்கக் கூடாது. மடிப்பில் கறுத்து, சாயங்காலத்துக்குள் சுருங்கிவிடும். கிளை நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது இலை, கரும்பச்சை ஏறிப் பளபளப்பாக இருப்பது சரியான பருவம்.

குருத்தோலையை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈர்க்கை நீக்கி, நகத்தாலேயே கிழிக்கலாம். காய்ந்த கீற்றால் தைத்தால் அதன் விளிம்பு கத்தி போல் இலையை அறுத்துக்கொண்டு வரும். தையலுக்குக் கோணி ஊசியால் முதலில் துளை போட்டு, அப்புறம் கீற்றைக் கோக்க வேண்டும். கீற்றை ஊசிக் காதில் மாட்டி இழுத்தால் மடிந்து பிளக்கும். துளை, மடிப்பிலிருந்து 1 செ.மீ. கீழே, அடிக்கீற்றை ஒட்டினாற்போல் விழ வேண்டும். இலையின் இரண்டு மடிப்பு, நடுவே இதழ், உள்ளே அடிக்கீற்று, எல்லாம் ஒரே தையலில் அகப்படும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று ஓட்டுத் தையல் போதும். இறுக்கி இழுக்காமல் படிய இழுக்க வேண்டும். ஓலை காயும்போது தானே இறுகிக்கொள்ளும்.

இதழுக்கு ஒரு எச்சரிக்கை. எகிப்தியத் தாமரை என்று எழுதப்படுவது பெரும்பாலும் தாமரை அல்ல, நீல ஆம்பலும் வெள்ளை ஆம்பலும்தான். நம் குளங்களில் பூக்கும் நீல ஆம்பல் அதற்கு நெருங்கிய உறவு. ஆம்பலின் உள்ளிதழ் பறித்த சில மணி நேரத்தில் துவளும். பச்சையில் ஊதாக் கோடிட்ட வெளியிதழ் ஒரு நாள் முழுக்க நிமிர்ந்து நிற்கும். பழைய மாலைகளில் இரண்டுமே உண்டு. வெளியிதழை மட்டும் வைத்துச் செய்தது இரண்டாம் நாளும் மாலையாகவே இருந்தது. ஆம்பல் கிடைக்காத இடத்தில் தாமரையின் நடு அடுக்குச் சிற்றிதழைச் செருகலாம். விரல் அழுந்திய இடம் கறுக்கும் என்பதால் அடியை மட்டும் பிடிக்க வேண்டும்.

ஒரு மாலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் மடித்துக் கொடுக்க, ஒருவர் தைக்க. முதல் 10 இலைக்கு அரை மணி நேரம் போகும். கை பழகிய பிறகு மீதி 30க்கும் ஒரு மணி நேரம் போதும்.

தோவாளை மாணிக்கமாலை

எகிப்து மாலையின் பக்கத்தில் மாணிக்கமாலையைத் தொங்கவிட்டால் பார்ப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம். அரளிப் பூவும் நொச்சி இலையும் சம்பா நாரில் மடித்துப் பின்னியது. சிவப்பும் வெள்ளையும் பச்சையும் கட்டம் கட்டமாக, கல் பதித்த நகை போல் தட்டையாகப் படியும். இலையை மடித்து நாரில் பிடிப்பது என்ற அதே கையறிவு, ஆனால் பின்னல் கணக்கு வேறு, மிக நுட்பமானது. 2025ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதை நாமே ஒரு நாளில் கற்றுச் செய்துவிடலாம் என்று இறங்குவது அந்தக் கைகளுக்குச் செய்யும் மரியாதை அல்ல. கட்டுகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வாங்கியதைத்தான் வைக்க வேண்டும்.

நொச்சிக்கு ஒரு பழைய கதை உண்டு. கோட்டையைக் காத்து நின்றவர்கள் சூடிய பூ நொச்சி. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. கோத்தது கோதை, தொடுத்தது தொடையல், பிணைத்தது பிணையல், தலையில் சூடுவது கண்ணி என்று கட்டுமுறைக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. 

அரளிப்பால் விஷம். கிளையோடு வெட்டினால் கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். அரளி நின்ற தண்ணீரையும் கழிவையும் ஆடு மாடு வாய் வைக்கும் இடத்தில் கொட்டக் கூடாது.

வைக்கோலில் நிற்கும் பூ

ஜப்பானில் ஜாடியில் பூ வைக்கும் கலை கியோட்டோவின் ரொக்காகுதோ கோயிலைச் சேர்ந்த இகெனோபோ பரம்பரையோடு பிணைந்தது. அந்தப் பரம்பரையைச் சேர்ந்த சென்கெய் என்ற துறவி பூ வைத்ததைப் பார்க்க ஆட்கள் கூடியதாக 1462ஆம் வருட நாட்குறிப்பு ஒன்றில் வருகிறது. அந்தப் பள்ளியின் பழைய பாணி ரிக்கா. நிமிர்ந்து நிற்கும் பெரிய அமைப்பு. அதன் கிளைகளையெல்லாம் ஜாடிக்குள் பிடித்திருப்பது வைக்கோல் கட்டு. கொமிவாரா என்பார்கள். நெல் விளையும் நாட்டுக்காரர்கள் கண்டுபிடித்தது, நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு உடனே புரியும்.

வைக்கோல் எது என்பதில் கவனம் தேவை. மெஷின் அறுத்த வைக்கோல் நசுங்கி, துண்டாகி, முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும், உதவாது. கையால் அறுத்த கன்னிப்பூ வைக்கோல் ஒரு கட்டு வாங்கிக்கொள்ளலாம். (நாஞ்சில் நாட்டில் நெல் போகத்துக்கே பூ என்றுதான் பெயர்: கன்னிப்பூ, கும்பப்பூ.) வெளித் தோகையை உருவி எறிந்து, உள்தண்டை மட்டும் எடுத்து, அடியைத் தட்டிச் சமமாக்கி, 4 செ.மீ. விட்டத்தில் ஏழு கட்டுகள். ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் சணலால் இறுக்கிக் கட்ட வேண்டும். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று சேர்த்தால் 12 செ.மீ. வாயுள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் கச்சிதமாக நிறையும். கழுத்து ஒடுங்கிய சொம்பு இதற்கு ஆகாது: வாய் வழியே நுழையும் கட்டு உள்ளே லொடலொடவென்று ஆடும். உயரம் பாத்திர விளிம்புக்கு 2 செ.மீ. கீழே நிற்கும்படி கத்தரித்துவிட வேண்டும்.

முதலில் வைத்த வைக்கோல் ஒரே இரவில் கெட்டது. காலையில் தண்ணீர் கலங்கி, மேலே நுரை, புளித்த வாடை. சம்பங்கி அடித்தண்டுகள் வழவழத்துப் போயின. நம் வெப்பத்தில் வைக்கோல் தண்ணீரில் நொதிக்கும். அந்தக் கிருமிகள் தண்டின் குழல்களை அடைத்துப் பூவைத் தாகத்தில் சாகடிக்கும். இரண்டாவது முறை வைக்கோலை 20 நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அப்புறம் கட்டியது. தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றியது. கட்டை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தைச் சாய்த்தால் அலங்காரம் கலையாமல் தண்ணீர் வடியும். வேறெந்தப் பிடிமானத்திலும் இந்த வசதி இல்லை. இப்படிச் செய்தது இரண்டு நாளும் வாடையில்லாமல் நின்றது.

கிளையும் கோழிப்பூவும் தாமாகவே வைக்கோலுக்குள் இறங்கும். சம்பங்கி போன்ற நீர்த்தண்டுக்குத் தென்னை ஈர்க்கு மூன்றைச் சேர்த்து வழி போட்டுவிட்டுச் செருக வேண்டும். 6 செ.மீ. ஆழம் போனால் எந்தச் சரிவிலும் நிற்கும். செருகிய தண்டை இழுத்து வேறு இடத்தில் குத்தினாலும் பழைய துளையை வைக்கோல் மூடிக்கொள்ளும். ஃபோமில் இது நடக்காது, துளை துளையாகவே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வைக்கோலை மண்டபத்துக்காரர்கள் எடுத்துப் பார்க்க வேண்டும்.

உருளியும் முள்தட்டும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹாரா உன்ஷின் அகலத் தட்டில் பூ வைக்கும் மொரிபானா முறையைக் கொண்டுவந்தார். அதற்குப் பிடிமானம் கென்சான் என்ற முள்தட்டு, ஈய அடியில் பித்தளை முட்கள். இங்கே உருளியில், அதாவது அகன்ற வெண்கலப் பாத்திரத்தில், வைத்தால் அழகு, ஆனால் உருளியின் அடி வளைவு. தட்டு ஆடும். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டு அதன் மேல் வைத்தால் ஆட்டமும் நிற்கும், வெண்கலத்தில் கீறலும் விழாது. 3 தாமரை மொட்டு, 2 தாமரை இலை, ஒரு நொச்சிக் கிளை, அதற்கு மேல் வேண்டாம். பாயசம் காய்ச்சும் உருளியில் மட்டும் முள்தட்டு வைக்கக் கூடாது, அது ஈயம்.

கோழிவலை

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் ஒரே ஜாடியில் டூலிப்பும் ரோஜாவும் இன்னும் பலவும் நெருக்கியடித்து நிற்கும். பல, ஒரே பருவத்தில் பூக்காதவை. தனித்தனியே வரைந்து வைத்ததை ஓவியர்கள் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதைப் பார்த்து உண்மை ஜாடியில் வைக்க முயல்பவர்களுக்குத் தண்டு நிற்காததன் காரணம் இதுதான்: ஓவியத்தில் எடை கிடையாது. 1930களில் லண்டனில் கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை கோழிவலையைச் சுருட்டி ஜாடிக்குள் வைத்து அந்தச் செழிப்பை நிஜமாக்கினார். முட்டைக்கோஸ் இலையும் காட்டுக் கிளையும் கூட அவர் ஜாடியில் இடம் பிடித்தன. 1953ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாப் பூக்களும் அவர் பொறுப்பில்தான். அடுத்த வருடம் ஃபோம் வந்துவிட்டது.

20 செ.மீ. வாயுள்ள வெண்கலப் பாத்திரத்துக்கு 2 அங்குலக் கண் வலை, 60 செ.மீ. சதுரம். 1 அங்குலக் கண் வாங்கினால், சுருட்டியதும் கண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஸ்டெம்பு ரோஸ் கூட நுழையாது. வலையைக் கசக்கக் கூடாது. தலையணை போல் நான்கு அடுக்காக மடித்து, நடுப்பகுதி விளிம்புக்கு மேல் 3 செ.மீ. கும்மட்டமாக நிற்கும்படி அமுக்க வேண்டும். ஒவ்வொரு தண்டும் குறைந்தது இரண்டு அடுக்குக் கண் வழியே போனால்தான் அசையாது. வெட்டுமுனைகளைப் பிளையரால் உள்பக்கம் மடித்துவிடுங்கள், பூ வைக்கும்போது கையைக் கிழிப்பவை அவைதான். கட்டுக்கம்பியால் பாத்திரத்தின் காதோடு வலையை இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டதில் ஒரு பக்கம் கோழிப்பூ கூடியதும் வலை முழுதாகப் புரண்டது. அடியில் நாலு கூழாங்கல்லும் போட்ட பிறகுதான் நிமிர்ந்தது. 18 ரோஜா, 12 சம்பங்கி, 8 கோழிப்பூ, இடையில் பாக்குப் பூக்குலை ஒன்று; இவ்வளவும் அந்த வாய்க்குள் அடங்கின.

அத்தப்பூக்களம்

கடைசியாக, பிடிமானமே இல்லாத பூ வைப்பு. அத்தம் முதல் திருவோணம் வரை பத்து நாளும் தரையில் போடும் களத்தில் தண்டுக்கு வேலையில்லை. எதிரி காற்று மட்டுமே. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆவணியிலும் அடங்காது. முப்பந்தல் காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. சாணம் மெழுகிய தரை முழுக்கக் காய்வதற்கு முன் முதல் அடுக்கை இட்டால் அது ஒட்டிக்கொள்ளும். டைல்ஸ் தரையில் ஈரத் துணியால் துடைத்துவிட்டு உடனே இட வேண்டும். கேந்தி இதழை ஒரு விரல் கனத்துக்கு மேல் குவிக்கக் கூடாது. வெளி வட்டத்துக்கு இதழ் வேண்டாம், முழு வாடாமல்லியும் உருட்டிய கோழிப்பூத் துண்டும் வைத்தால் வரம்பு போல் உள்ளதைக் காக்கும். முதல் நாள் மாலை கதவைத் திறந்ததும் பறந்தது வெளி வட்டத்துக் கேந்தி இதழ்தான். வாடாமல்லியால் வரம்பு கட்டிய பின் நின்றது. தண்ணீரைக் கையால் தெளித்தால் சொட்டு விழுந்த இடம் குழியும், ஸ்ப்ரேயர் வேண்டும்.

பிரித்தபோது

மூன்றாம் நாள் காலை பிரித்தபோது ரோஜாவில் பாதி போயிருந்தது, வைக்கோலில் நின்ற கோழிப்பூ இன்னும் இரண்டு நாள் தாங்கும் நிலை. எகிப்து மாலையின் மகிழ இலைகள் காய்ந்து விறைத்து, தையல் இறுகி, ஒன்றுகூட உதிரவில்லை. வலையைக் கழுவித் துடைத்து வெயிலில் போட்டால் அடுத்த விழாவுக்கு ஆகும். ஈரத்தோடு பாத்திரத்தில் விட்டால் வெண்கலத்தில் சாம்பல் கறை படியும், புளி போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். வைக்கோலும் இதழும் உரக்குழிக்கு, அரளி மட்டும் தனியே மண்ணில் புதைக்க. பறை நெல்லை ஒரு வெயில் காட்டி மூட்டையில் கொட்டலாம். காம்பு நின்ற இடத்தில் ஈரம் பட்ட ஒரு பிடியை மட்டும் எடுத்துக் கோழிக்குப் போட்டுவிடவும்.